நடுங்காத கோடு

அத்தியாயம் ஏழு

‘நான் செய்யவில்லை’ என்று சொல்கிறவனைத்தான் பூட்டுக்காரர் துருவுவார். ‘நான்தான் செய்தேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் பேனாவை எடுத்துவிடுவார். தன்னைத்தானே காட்டிக்கொடுக்க எவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்பது அவர் கணக்கு. முப்பது வருஷம் பூட்டு ரிப்பேர், அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் துப்பறியும் தொழில். பூட்டை விட்டாலும் பேர் அவரை விடவில்லை. இத்தனை நாளும் அந்தக் கணக்கு உதைத்ததில்லை.

போன வாரம் உதைத்துவிட்டதோ என்று இன்று காலையிலிருந்து அவருக்குப் பயம்.

விஷயம் இதுதான். வலிப்பு நோய் உள்ள ஒரு அம்மாள், அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், மூளை ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். தலையில் வயர் தொப்பியை மாட்டி, மூளையைப் படமெடுக்கும் காந்தக் குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். வலது கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். ஏதாவது ஆனால் அமுக்கினால் வெளியே மணி அடிக்கும். நாற்பதாவது நிமிஷம் உள்ளேயே வலிப்பு வந்தது. வெளியே இழுத்துப் பார்த்தால் வலது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் வெந்திருந்தது. அன்றைக்கு நடந்தது எதுவும் அந்த அம்மாளுக்கு நினைவில்லை.

தொப்பி மாட்டியவளை ஆய்வுக்கூடமே தொப்பிக்காரி என்றுதான் கூப்பிடும். “வயர் சுருண்டிருக்கும் சார், சுருண்டா சூடேறும், என் தப்புதான்” என்று முதல் கேள்விக்கே அழுதுவிட்டாள். ஆய்வுக்கூடத்து இயக்குநர் அமர்த்திய பூட்டுக்காரர் அரைப்பக்க அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

இன்று நாலு மணிக்கு விசாரணைக் குழு. அந்த அரைப்பக்கத்தை வைத்துத்தான் அவளை வேலையைவிட்டுத் தூக்கப் போகிறார்கள். லைசென்ஸையும் பிடுங்கிவிட்டால் வேறெந்த ஊரிலும் அவளால் இந்தத் தொழில் பார்க்க முடியாது.

இப்போது மணி ஒன்றே முக்கால்.

“அத்தான், இந்த நடை நடந்தா குழு கூடிக் கலைஞ்சு, நாற்காலியை மடக்கி வைக்கிறப்பதான் போய்ச் சேருவோம்” என்றாள் மைத்துனி.

“முட்டி வலிக்குதும்மா.”

“மனசு வலிக்குதுன்னு சொல்லுங்க. முட்டி போன வருஷமே சரியாயிடுச்சு.”

மனைவியின் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு வாய் வளர்ந்தவள். அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். “இவ்வளவுதானா? என் மளிகைச் சீட்டு இதைவிட நீளம்” என்று அன்றைக்கே சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காலையில் அந்தப் பிழைதிருத்தும் அம்மாள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட அவர் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். பேனாவைப் பிடிக்க முடியவில்லை. “வலது கட்டைவிரல் ஒம்போது நாளா வலிக்குதுங்க” என்றாள். வலிப்பில் வந்த வலி என்று யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

வலிப்பு வந்தால் இரண்டு கையும்தானே இழுக்கும்? ஒரு கையில் ஒரே ஒரு விரல் மட்டும் வலிப்பானேன்? பூட்டுக்காரருக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். ஏனென்றால் போன வாரம் அந்த அம்மாளிடம் அவரே சொல்லியிருந்தார்: ‘நீங்க பந்தை அமுக்கியிருந்தா இவ்வளவு தூரம் ஆகியிருக்காதும்மா.’ அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு ‘ஆமாங்க’ என்றாள்.

ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில் அந்தப் பரிசோதனையை நடத்திய ஆராய்ச்சி டாக்டர் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

“அன்னிக்கு எடுத்த பதிவு வேணும். திரையிலே காட்டாதீங்க. காகிதத்துலே வேணும்” என்றார் பூட்டுக்காரர். திரையில் தெரிவதை அவர் நம்புவதில்லை. விரல் வைத்துப் பார்க்க முடியாத எதையும் நம்புவதில்லை.

டாக்டர் உள்ளே போய் ஒரு கட்டுக் காகிதச் சுருள்களைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். மைத்துனி அவற்றைத் தரையில் உருட்டி விட்டாள். சுவரிலிருந்து சுவர்வரைக்கும் கோடு, கோடு, கோடு.

“இது மூளையோட மின்பதிவு” என்றார் டாக்டர். “தொப்பியிலே முப்பத்திரண்டு வயர். மூளையிலே எது எப்போ நடக்குதுன்னு இது கண் இமைக்கிற நேரத்துக்குள்ள சொல்லிடும். ஆனா எங்கேன்னு கேட்டா முழிக்கும். காந்தப்படம் எங்கேன்னு துல்லியமா காட்டும். ஆனா அது ரத்த ஓட்டத்தைப் பார்த்துச் சொல்றது. அஞ்சாறு செகண்ட் பிந்தித்தான் வரும். அதனாலதான் ரெண்டையும் ஒரே நேரத்துல எடுக்கறோம்.”

“எங்கக்கா மாதிரி” என்றாள் மைத்துனி. “எப்போ வந்தீங்க, எங்கே போனீங்க, ரெண்டையும் ஒரே மூச்சிலே கேப்பா. தனித்தனியா கேட்டா அத்தான் தப்பிச்சிடுவாரு.”

டாக்டர் சிரிக்கவில்லை.

“படுத்திருந்தப்போ கையை அசைக்கச் சொல்லியிருந்தீங்களா?” என்று கேட்டார் பூட்டுக்காரர்.

“இல்லை. சும்மா கிடக்கணும். அவ்வளவுதான்.”

“அப்போ கையை ஆட்டற இடம் மூளையிலே சும்மாதானே இருந்திருக்கணும். இருந்துச்சா?”

டாக்டர் மண்டியிட்டு, காகிதத்தில் ஒரு இடத்தைத் தொட்டார். முப்பத்தோராவது நிமிஷம். கோடுகளில் சட்டென்று ஒரு கிறுக்கல், எழுதிக்கொண்டிருந்த கையை யாரோ தட்டிவிட்டாற்போல. அந்த நேரத்துக்கான காந்தப்படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கிறுக்கலுக்கு ஆறு செகண்ட் கழித்து, இடது பக்க மூளையில் ஒரு சின்ன வெளிச்சம்.

“வலது கைக்கு இடது மூளை” என்றார்.

“கிறுக்கல் இருமலா இருக்கக்கூடாதா?”

“தனியா பார்த்தா இருமல்னு சொல்லலாம். வெளிச்சத்தைத் தனியா பார்த்தா என்னவோ நினைச்சாங்கன்னு சொல்லலாம். ஆனா...”

ஆனா முப்பத்திரண்டாவது நிமிஷத்திலும் ஒரு கிறுக்கல், ஆறு செகண்ட் கழித்து அதே இடத்தில் வெளிச்சம். முப்பத்து நாலிலும் அதே ஜோடி. ஒன்று பொய் சொன்னாலும் இரண்டும் கூடிப்பேசி மூன்று தடவை ஒரே பொய்யைச் சொல்லாது.

பூட்டுக்காரர் மூன்று கிறுக்கலையும் விரலால் தடவிப் பார்த்தார். அந்த அம்மாள் அமுக்கியிருக்கிறாள். விரல் சுளுக்கும் அளவுக்கு, மூன்று தடவை அமுக்கியிருக்கிறாள்.

“இவ்வளவு தெரிஞ்சும் ஏன் யாருமே சொல்லலை?”

“நீங்க பதிவைக் கேக்கலையே” என்றார் டாக்டர் தரையைப் பார்த்தபடி.

மைத்துனி மெல்ல விசிலடித்தாள். “அத்தான், ஒரு சந்தேகம். பந்து அமுங்கினா மணி அடிச்சிருக்கும். மணி அடிச்சும் தொப்பிக்காரி வரலைன்னா, நாம அவளைக் காப்பாத்த வந்தோமா, கழுத்துக்குக் கயிறு கொண்டுவந்தோமா?”

அதே சந்தேகம்தான் அவருக்கும். தொப்பிக்காரி கீழே, குழு கூடும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயதுப் பெண். கையில் ஒரு கைக்குட்டை, கசங்கியது கசங்கியபடி.

“மணி கேட்டுச்சாம்மா?”

“கேக்கலை சார்.”

“ஏன் கேக்கலை?”

“தூங்கிட்டேன்” என்றாள் ஒரே வார்த்தையில். “அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் ஒரு பட்டனைத் தட்டணும், நான் முழிச்சிருக்கேன்னு காகிதத்துலே ஒரு கோடு விழும். இருபத்தஞ்சுக்கு அப்புறம் நாப்பது வரைக்கும் என் கோடே இல்லை, பாருங்க. அந்த மணி அடிச்சா தெருவே எழுந்து உக்காரும் சார். அதுலேயும் தூங்கியிருக்கேன். அதுதான் எனக்கே பொறுக்கலை.”

“தூங்கினேன்னு எங்கிட்ட அன்னிக்குச் சொல்லவே இல்லையே நீ?”

“நீங்க கேக்கலை. என் தப்புன்னு சொன்னதும் எழுத ஆரம்பிச்சிட்டீங்க.”

ஒரே நாளில் இரண்டு பேர் வாயிலிருந்து ஒரே அடி. பூட்டுக்காரர் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது. நாற்காலியில் உட்காரும் தகுதி தனக்கு இல்லை என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கும்போது காகிதங்கள் வேறு மாதிரி தெரிந்தன. அவருக்கு மூளையும் தெரியாது, மின்சாரமும் தெரியாது. ஆனால் ஐந்து சாவியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது கள்ளச்சாவி என்று கை சொல்லிவிடும். இங்கேயும் ஐந்து சுருள்கள் இருந்தன. வேறு வேறு ஆள், வேறு வேறு நாள். நாலு சுருளில் கோடுகள் ஆரம்பம் முதல் கடைசிவரை குளிரில் நிற்பவன் தாடை மாதிரி லேசாக நடுங்கின. ஐந்தாவதில், அந்த அம்மாளுடையதில், முதல் இருபது நிமிஷம் நடுக்கம். பிறகு ஒரு இடைவேளை. அதற்கப்புறம், கிறுக்கலை விட்டுவிட்டால், சவரம் செய்த முகம்.

“இதெல்லாம் ஏம்மா நடுங்குது?”

“மெஷின் அதிரும் சார். அதுலே வயர் நடுங்கும். மெஷின் சத்தத்தைக் கம்ப்யூட்டர் வடிகட்டிடும், இந்த நடுக்கத்தை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. அதனால வயர் மேல மணல் பை வைப்போம். வச்சாலும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.”

“இது நடுங்கலையே.”

அவள் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். கைக்குட்டை கீழே விழுந்தது.

“நான் ஒரு பைதான் வைப்பேன். இடது தோள் பக்கம்” என்றாள் மெதுவாக. “ஒரு பையிலே இப்படி வராது.”

“வலது பக்கம் ஏன் வைக்க மாட்டே?”

“அந்தப் பக்கம் பந்தோட காத்துக் குழாய் போகுது சார்.”

ஆராய்ச்சி டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை, எதிர்க் கட்டடத்தின் சுவர்தான்.

“நீ போய்ப் படும்மா” என்றார் பூட்டுக்காரர் மைத்துனியிடம்.

“நானா? எனக்கு மூளை இருக்கான்னு பாக்கவா?”

“பந்தை அமுக்க.”

உள்ளே போவதற்கு முன்னால் இரும்பெல்லாம் கழற்ற வேண்டும் என்றாள் தொப்பிக்காரி. கொண்டை ஊசி பதினொன்று, ஊக்கு ஆறு, கைக்கடிகாரம், செருப்பில் இருந்த ஆணிவரைக்கும் வெளியே வந்தன. “என் உடம்புலே பாதி இரும்புக் கடைன்னு இன்னிக்குத்தான் தெரியுது” என்று சொல்லிக்கொண்டே மைத்துனி வயர் தொப்பியோடு குழாய்க்குள் நீண்டாள். பூட்டுக்காரர் சாவிக்கொத்தோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றார்.

பை எதுவும் இல்லாமல் அமுக்கினாள். மணி அலறியது. கீழ் மாடியில் யாரோ கத்தினார்கள்.

இடது பக்கம் ஒரு பை. மணி அலறியது.

தொப்பிக்காரி இரண்டாவது பையைத் தூக்கி வலது பக்கம் வைத்தாள். வைக்கும்போதே வயர்க் கட்டு ஒரு பக்கம் ஒதுங்கி, மிச்சமிருந்த வயர் பின்னுக்கு நகர்ந்து, காதுக்குப் பின்னால் ஒரு சின்ன வளையமாகச் சுருண்டது. அதை அவள் பார்த்தாள். கண்ணாடி வழியாகப் பூட்டுக்காரரும் பார்த்தார்.

“அமுக்கு!”

ஒன்றுமில்லை.

“அமுக்கும்மா!”

“அமுக்கிக்கிட்டேதான் இருக்கேன் அத்தான்!” உள்ளேயிருந்து குரல் வந்தது. அதில் இப்போது கிண்டல் இல்லை. “காத்து போக மாட்டேங்குது. விரல் வலிக்குது. எடுங்க என்னை, வெளியே எடுங்க.”

மணி மூன்று பத்து.

பூட்டுக்காரர் ஆராய்ச்சி டாக்டர் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள்.

“டாக்டர், நான் எத்தனை நாள் பதிவு கேட்டேன்?”

“...ஒரு நாள்.”

“எத்தனை கொடுத்தீங்க?”

டாக்டர் திரும்பித் தரையில் கிடந்த சுருள்களைப் பார்த்தார்.

“அஞ்சு கொடுத்தீங்க. ஒண்ணை மட்டும் கொடுத்திருந்தா அது அளவுக்கு மீறிச் சுத்தமா இருக்குன்னு இந்த மடையனுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துலே நாலு அழுக்கு வச்சாத்தானே தெரியும். பிடிபடணும்னு ஆசை. ஆனா வாயாலே சொல்லத் தைரியம் இல்லை. அப்படித்தானே?”

டாக்டர் தோள் குலுங்கியது. “நாலு பதிவையும் ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரங்க நடுக்கம் அதிகம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷ வேலை. இடைவேளையிலே உள்ளே போனேன், இன்னும் ரெண்டு பகுதி இருக்கு, அசையாம இருங்கன்னு சொல்ல. பையைக் கையோட எடுத்துட்டுப் போயிருந்தேன். வலிப்பு வந்தப்போ நான்தான் ஓடிப்போய்ப் பைகளைத் தூக்கினேன். அடியிலே குழாய் தட்டையா கிடந்துச்சு. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவங்க, என் தப்புன்னு...”

“அழுதுட்டா. நீங்க மூடிட்டீங்க.”

“ஆமா.”

பூட்டுக்காரருக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டார். அவள் அழுததும் வாயை மூடியவன் இவன். பேனாவைத் திறந்தவன் யார்?

“குழு முன்னாடி சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“நான் பின்னாடியே நிப்பேன்.”

அதற்கப்புறம் மேஜையில் உட்கார்ந்து அவரே கையால் எழுதினார். இரண்டாவது பை, நசுங்கிய குழாய், சுருண்ட வயர். தொப்பிக்காரி மேல் குற்றமில்லை என்ற வரிக்கு வந்தபோது அவள் பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“நான் தூங்கினதைக் காணோமே சார்.”

மைத்துனி கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடியே, “ஏம்மா, தப்பிச்சோம்னு கிளம்பிப் போக மாட்டியா? நேர்த்திக்கடனா உனக்கு?” என்றாள்.

“என் எதிரே திரை இருந்துச்சு. அவங்க காலை உதறியிருப்பாங்க. முழிச்சிருந்தா பார்த்திருப்பேன். மணி அடிக்காதது அவராலே. நான் பாக்காதது என்னாலே.”

பழைய பூட்டுக்காரராக இருந்தால் ‘சரி’ என்று எழுதியிருப்பார். கை பேனாவை அழுத்தவும் செய்தது. நிறுத்தினார்.

“அன்னிக்கு எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தே?”

“முந்தின நாள் சாயங்காலம்.”

“முந்தின நாளா? நடுவிலே வீட்டுக்குப் போகலை?”

“மாத்தி விட ஆள் வரலை. ரெண்டு ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னாங்க.”

“யார் சொன்னது?”

அவள் தயங்கினாள். “வேலைப் பட்டியல்லே இயக்குநர் கையெழுத்து இருக்கும்.”

பூட்டுக்காரர் பட்டியலை வரவழைத்தார். கையெழுத்து இருந்தது. தன்னை அமர்த்திய அதே ஆளின் அதே கையெழுத்து.

நாலு மணிக்குக் குழுவின் முன்னால் பூட்டுக்காரர் நின்றபடியே மூன்று பக்கம் படித்தார். முதல் வரி, ‘என்னுடைய பழைய அறிக்கை தப்பு, நான் எதையும் கேட்காமல் எழுதினது.’ கடைசி வரி, பதினெட்டு மணி நேரம் ஓயாமல் வேலை பார்த்தவளைத் திரை முன்னால் உட்கார வைத்தது யார் என்ற கேள்வி. ஆராய்ச்சி டாக்டர் எழுந்து, சொல்ல வேண்டியதைத் திக்கித் திக்கிச் சொன்னார். இயக்குநர் தண்ணீர் குடித்தார். தம்ளர் காலியான பிறகும் குடித்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு வெள்ளைத்தலை அம்மாள்தான் குழுவில் மூத்தவர். அவர் பட்டியலை வாங்கி, கையெழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ணோட லைசென்ஸைத் தொட வேண்டாம். தூங்கினதுக்கு ஒரு எச்சரிக்கை போதும். மத்த ரெண்டு பேரும் இருங்க” என்றார்.

வராந்தாவில் தொப்பிக்காரி கும்பிட்டாள். பூட்டுக்காரர் கையை உதறித் தடுத்தார். கும்பிடு வாங்க முகம் வேண்டுமே.

“சார், அந்த அம்மாகிட்ட யார் சொல்றது? பந்தை அமுக்கலைன்னு நினைச்சுத் தன்னையே நொந்துக்கிட்டிருக்காங்களாம்.”

“நினைக்க வச்சவன்தான் சொல்லணும்” என்றார் அவர்.

மாடிப்படி அடியில் டெலிபோன் இருந்தது. மைத்துனியே எண்ணைச் சுழற்றி, மணி போனதும் அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

“அம்மா, நான்தான், பூட்டுக்காரன். உங்ககிட்ட ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். நீங்க பந்தை அமுக்கியிருக்கீங்க. பதிவுலே இருக்கு. மூணு தடவை.”

அந்தப் பக்கம் அச்சு மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நிம்மதிபோல ஒரு மூச்சு. அது முடிவதற்குள்ளேயே அந்தக் குரல் தணிந்தது.

“மூணு தடவை அமுக்கியும் யாருமே வரலையா?”

பூட்டுக்காரர் சுவரில் கை ஊன்றிக்கொண்டார்.

“வரலைம்மா” என்றார்.